தேவையில்லாத ஒரு சீல்

நிரோஷா என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு பக்கம்தான். "சேர், தோள்மூட்டு நோவுக்குச் செய்யிற பயிற்சியளைப் பற்றி எழுதித் தாங்கோ. புதுக் கட்டடம் திறக்கேக்க ஒரு புத்தகம் அடிக்கிறம். படம் நாங்கள் போடுவம். நீங்கள் ஒவ்வொண்டையும் வடிவா விளங்கப்படுத்தினாக் காணும்" என்று போனில் சொன்னாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது எங்கள் ஆஸ்பத்திரியின் பிசியோ பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆனால் நான் எழுதி அனுப்பப்போவதை அவள் புத்தகத்தில் போடுவாளோ என்பது சந்தேகம்தான். போடாவிட்டால் போகட்டும். முப்பத்தொரு வருசம் மற்றவர்களின் தோளைப் பிடித்துத் திருப்பியவனுக்குத் தன் வாயைத் திறக்க உரிமை இல்லையா?

புதுக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. பெரிய மண்டபம், வரிசையாகப் பத்துக் கட்டில்கள். கட்டில்களுக்கு இடையே திரைச்சீலை கிடையாது. "இப்ப இதுதான் முறை, சேர். ஒரு இடத்தில நிண்டு எல்லாரையும் பாக்கலாம்" என்றாள். நோயாளியின் கையில் ஒரு டப்லெட்டைக் கொடுக்கிறார்கள். அதில் பூச்சியத்திலிருந்து பத்து வரை இருக்கிறது. நோ எவ்வளவோ அந்த இலக்கத்தைத் தொட வேண்டும். பக்கத்தில் புருசனும் மாமியாரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனுசி மூன்றைத் தொட்டதை என் கண்ணால் கண்டேன். அந்த முகம் மூன்று சொல்கிற முகமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரோஷாவிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

சரி, கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கோபம் எங்கேயும் ஓடிவிடாது.

முதலாவது, கையைத் தொங்கவிடுகிற பயிற்சி. மேசை ஓரத்தில் நோகாத கையை ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து நில்லுங்கள். நோகிற கை கீழே சும்மா தொங்க வேண்டும். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். உடம்பு அசைய, கை அதன்பாட்டில் ஆடும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இங்கேதான் பிழை விடுவார்கள். கையைப் பலவந்தமாக வீசுவார்கள். நீங்கள் கையை ஆட்டக் கூடாது, கை தானாக ஆட வேண்டும். சின்ன வட்டம் போதும்.

இரண்டாவதுக்கு வீடு கூட்டுகிற தும்புத்தடி வேண்டும். தும்பைக் கழற்றிவிட்டுத் தடியை மட்டும் எடுங்கள். மல்லாக்கப் படுத்து, இரண்டு கையாலும் தடியைப் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். நல்ல கைதான் உழைக்க வேண்டும். நோகிற கை தடியோடு கூடப் போய்வந்தால் போதும். மூன்றாவது, சுவரில் விரல் நடத்துவது. சுவரைப் பார்த்து நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மேலே ஏற வேண்டும். எட்டின உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. தோளைக் காதுவரை உயர்த்திக் களவு செய்தால் அது கணக்கில் வராது. நாலாவது, ஒரு துவாயை மடித்து முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, முழங்கையை மடித்தபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது. துவாய் விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாவது, அதே துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து, மேலே இருக்கிற நல்ல கையால் கீழே இருக்கிற கையை மெல்ல மெல்ல மேலே இழுப்பது.

சுடுதண்ணீர் ஒத்தடம் பிடித்த பிறகு, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நேரம். நோ கூடினால் நிப்பாட்ட வேண்டும். ஒரு பிழையுமில்லாத பயிற்சிகள் இவை. நான் ஆயிரம் தோளுக்குச் சொல்லிக் கொடுத்தவை, பெரும்பாலானவை சுகப்பட்டன. நான் ஒரு குடும்பத்தை அழித்தது பயிற்சியால் அல்ல, பயிற்சிக்கு முன்னால் கேட்கிற ஒரு கேள்வியால்.

கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்பின் பெயர்களை ஆங்கிலத்தில் பாடமாக்கினேன், சிங்களத்தில் ஏச்சு வாங்கினேன், தமிழில் கடிதம் எழுதி அம்மாவிடம் பொய் சொன்னேன். வேலை பழகியது வன்னிக்கு வந்த பிறகுதான். பழக்கியவர் பாக்கியம் மிஸ்.

அப்போது பிசியோ பகுதி என்பது தகரம் போட்ட ஒற்றை அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பழைய பச்சைச் சேலையைக் கிழித்துத் தைத்த திரை. பாக்கியம் மிஸ் மெலிந்த மனுசி. கண்ணாடிக்கு மேலால்தான் பார்ப்பார். நோயாளி உள்ளே வந்தால் முதல் ஒரு நிமிசம் வாயைத் திறக்க மாட்டார். அந்த ஆள் எந்தக் கையால் குடையை மூலையில் வைக்கிறார், தோளில் மாட்டிய பையை எப்படிக் கழற்றுகிறார், கதிரையில் இருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவசரப்பட்டு "எங்க நோகுது?" என்று கேட்டுவிட்டால் அன்று எனக்குச் சனியன் பிடித்தது. "நீர் என்ன, ரிக்கற் குடுக்கிற கொண்டக்டரோ? ஆள் ஏறின உடன எங்க போறதெண்டு கேக்கிறீர்!" என்பார்.

அந்த ஒரு நிமிசம் முடிந்ததும் சீல் நாடகம் தொடங்கும். எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. மனுசியோடு புருசன், தகப்பனோடு மகன், மாமியோடு மருமகள். பொம்பிளையின் தோளை ஆம்பிளை ஒருவன் தொட்டுப் பார்ப்பதென்றால் புருசன் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும், அதுதான் மரியாதை. மிஸ் அந்தக் கூட வந்தவரின் கையில் நோயாளியின் காட்டை, அதுதான் வைத்திய அட்டையை, கொடுப்பார். "தம்பி, இதில ஓபிடியில ஒரு சீல் குத்திக்கொண்டு வாங்கோ. அது இல்லாட்டி நான் தொடேலாது." ஓபிடி என்கிற வெளிநோயாளர் பகுதி அந்தப் பக்கத்து மூலையில் இருந்தது. போய், வரிசையில் நின்று, வரக் கால் மணித்தியாலம் ஆகும். அவர் வெளியே போனதும் மிஸ் திரையை இழுத்துவிட்டுக் கதிரையைக் கிட்டப் போடுவார். பிறகுதான் கேள்வி.

எனக்குச் சிரிப்பு. "ஏன் மிஸ் இந்தச் சீல்? காட்டில சீலுக்கு இடமே இல்லையே" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீல் காட்டுக்கில்லை, ஐசே. அந்தாளை அனுப்பத்தான்."

நாயாற்றிலிருந்து சூசைப்பிள்ளை என்று ஒரு மீனவர் மகனோடு வந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. நல்ல தாட்டியான மனிதர், அறுபது வயதிருக்கும், கரைவலை இழுக்கிறவர். மகன் நிற்கும்போது கேட்டதற்கு, "சும்மா ஒரு பிடிப்புத்தான், மிஸ். இவன்தான் விடாமக் கூட்டிக்கொண்டு வந்தவன்" என்று சிரித்தார். மகன் சீலுக்குப் போனான். திரை மூடியது. அந்தப் பெரிய மனிதர் அப்படியே உடைந்துபோனார்.

"பிள்ளை, பத்து நாளா நித்திரை இல்லை. கயித்தில கை வைச்சா உயிர் போகுது. இவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா என்னைக் கரையில குந்த வைச்சுப்போடுவான்."

மகன் சீலோடு திரும்பி வந்தபோது மிஸ் வேறொரு முகத்தோடு இருந்தார். "தம்பி, அப்பாவின்ர தோளுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. ஆனா ஆறு கிழமைக்குக் கயிறு இழுக்கிற ஆக்களோட நிக்கக் கூடாது. இழுத்து வாற கயித்தைச் சுத்தி அடுக்கிற வேலையைக் குடுங்கோ. அதுதான் இவற்ர தோளுக்குப் பயிற்சி. நான் எழுதித் தாறன்." மகன் தலையாட்டினான். சூசைப்பிள்ளை நிமிர்ந்து நடந்து போனார். இரண்டு மாதத்தில் தோள் சுகம்.

அன்று மிஸ் எனக்குச் சொன்னது இதுதான்: "கேக்கிறதும் தனிய, சொல்லுறதும் தனிய. எங்கட சனம் தங்களுக்காக நோவை மறைக்கிறேல்லை, பக்கத்தில நிக்கிற ஆளுக்காகத்தான் மறைக்குது. இது தெரியாட்டி நீர் படிச்சாலும் படிக்காட்டியும் ஒண்டுதான்."

மிஸ் பென்சன் எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போன பிறகு அந்தக் கதிரைக்கு நான் வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சீல் நாடகத்தை நான் விடவில்லை. இடையில் சண்டை, இடம்பெயர்வு, முகாம், திரும்பி வருகை எல்லாம் போயின. புது ஆஸ்பத்திரி வந்தது. ஓபிடியில் இருந்த எழுதுவினைஞர்கள் மாறினார்கள். ஏன் எதற்கு என்று தெரியாமலே ஒவ்வொருவரும் முணுமுணுத்துக்கொண்டு சீலைக் குத்தினார்கள். ஒரு பயிற்சிப் பட்டறையில் நோவைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதும் முறையைச் சொல்லித் தந்தார்கள். நானும் எழுதத் தொடங்கினேன். எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. ஆனால் சீலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

ஒரே ஒருவரைத்தான் நான் அனுப்பவில்லை.

உடையார்கட்டிலிருந்து யோகேஸ்வரி ஒரு வியாழக்கிழமை வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீப்பால் தலை இழுக்கும்போதும் கொடியில் உடுப்புப் போடும்போதும் வலது தோள் நோகிறதாம். கூட வந்தவர் புருசன் சிவபாலன், சக்கர நாற்காலியில். சண்டையின் கடைசியில் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வலது கையிலும் மூன்று விரல் இல்லை. அதனால் ஊன்றி எழும்பித் தானாகக் கட்டிலுக்கு மாறவும் முடியாது. எங்கள் பகுதிக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. அவரைத் தூக்குவதற்கும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிடுவதற்கும் யோகேஸ்வரிக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். "அவற்ர கையை உங்கட கழுத்தைச் சுத்திப் போடுங்கோ, தோளைக் குடுத்து எழுப்புங்கோ" என்று என் வாயால் சொன்ன ஞாபகம் இருக்கிறது.

அன்று காட்டைக் கையில் எடுத்தேன். "இதில ஒரு சீல்..." என்று தொண்டை வரை வந்துவிட்டது. சிவபாலனைப் பார்த்தேன். ஓபிடிக்குப் போகிற பாதை அப்போது சரளைக் கல், நடுவில் ஒரு சரிவு. இரண்டு விரல் உள்ள கையால் சில்லை உருட்டிக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத ஒரு சீலுக்காக இந்த மனிதனை எப்படி அனுப்புவது? பாவமாக இருந்தது. சொல்லை விழுங்கிவிட்டேன். காட்டை மேசையில் வைத்தேன். என்னைப் பற்றி எனக்கு அன்று நல்ல எண்ணம்.

"தங்கச்சி, நோ பத்துக்கு எத்தினை சொல்லுவியள்?"

யோகேஸ்வரி புருசனை ஒருக்கால் பார்த்தார். "ரெண்டு, சேர்."

"வீட்டில பாரம் ஏதும் தூக்கிறனீங்களோ?"

"என்னைத்தான் தூக்கிறவ" என்றார் சிவபாலன் சிரித்தபடி.

"அய்யோ, அவர் ஒரு பாரமே, சேர்! கோழிச்செட்டை மாதிரி. தூக்கினதே தெரியாது" என்றார் யோகேஸ்வரி. சிவபாலன் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காட்டில் இரண்டு என்று எழுதினேன்.

இரண்டுக்குரிய வைத்தியத்தையே செய்தேன். மேலே எழுதிய ஐந்து பயிற்சியும் கொடுத்தேன். வியாழனுக்கு வியாழன் இருவரும் ஓட்டோவில் வருவார்கள். வீட்டில் அவரைத் தனியே விட்டுவர ஆள் இல்லை. ஓட்டோக்காரர் நாற்காலியைப் பிடிப்பார்; தன்னை யோகேஸ்வரியைத் தவிர வேறு யாரும் தொடுவதைச் சிவபாலன் விரும்புவதில்லை. அதுவும் மூத்திரம் சேருகிற சலப்பை தொங்கிக்கொண்டிருக்கும்போது பிறத்தியான் தொட்டால் அவர் கூசிப்போவார். ஆகவே வீட்டில் ஏற்ற ஒருக்கால், இங்கே இறக்க ஒருக்கால், திரும்ப ஏற்ற, திரும்ப இறக்க என்று, தோள் நோவுக்கு என்னிடம் வருவதற்காகவே அந்த மனுசி அதே தோளால் நாலு தரம் தூக்கினார். இதை நான் பின்னர்தான் கணக்குப் பார்த்தேன். அப்போது பார்க்கவில்லை. இரண்டு என்று எழுதின ஆளுக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

சுவரில் யோகேஸ்வரியின் பென்சில் கோடு முதல் மாதம் மூன்று விரல் ஏறியது. பிறகு நின்றது. நாலாம் மாதம் இரண்டு விரல் இறங்கியது. "வீட்டில பயிற்சி செய்யிறேல்லைப் போல" என்று ஏசினேன். "செய்யிறன், சேர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். நோ எத்தனை என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் இரண்டு. வந்து இருந்ததும் மேசையில் கிடக்கிற காட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். அடுத்த திகதியைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து நான் திகதியைச் சொல்வேன். "சரி சேர்" என்பார்.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை கை அரைவாசிக்கு மேலே ஏறவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் மேலே கொண்டுபோனேன். என் கையில் இருக்கும்போது முழுவதும் போனது. "இப்ப நான் விடப்போறன். மெல்ல மெல்ல இறக்குங்கோ" என்றேன். விட்டேன். தோள் மட்டத்துக்கு வந்ததும் கை பொத்தென்று கீழே விழுந்தது. அவர் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் ஓடியது. தோளைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் அறுந்துவிட்டது. பிறகு யாழ்ப்பாணத்தில் எடுத்த ஸ்கானும் அதையே சொன்னது. என் கைக்கு அது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

எனக்குப் பயம். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக் குணம். "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? இது ரெண்டோ? இது ரெண்டு சொல்லுற தோளோ? இனியும் இவரைத் தூக்கினியளெண்டா இந்தக் கையை மறந்துடுங்கோ!" என்று கத்தினேன். அறை முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு முழத் தூரத்தில் சிவபாலன் இருந்தார்.

யோகேஸ்வரி நல்ல கையால் என் கையைப் பிடித்தார். "சேர், சேர், சத்தம் போடாதேங்கோ" என்றார். நோவில் சத்தமே காட்டாத மனுசி அப்போதுதான் சத்தம் வைத்து அழுதார்.

சிவபாலன் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப சேர், இவ்வளவு நாளும் என்னைத் தூக்கித்தானே இது வந்தது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாக்கியம் மிஸ்ஸாக இருந்தால் கண்ணிமைக்காமல் சொல்லியிருப்பார். நான் "ஓம்" என்றேன்.

தசைநாரைத் தைக்கலாம் என்றார்கள் பெரிய டொக்டர்மார். தைத்தால் ஆறு கிழமை கையைக் கட்டி வைக்க வேண்டும், அரை வருசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. அந்த அரை வருசம் அவரை யார் தூக்குவது? ஆளைத் தூக்கி இறக்கும் கருவி ஒன்று வேண்டுமென்று மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு பதில் வந்தது. எடுத்த கவனத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்களோ தெரியாது. யோகேஸ்வரி தையலுக்குப் போகவில்லை. பிசியோவுக்கும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆறாம் வாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சிவபாலன் குப்புறக் கிடந்தார். இடுப்புக்குக் கீழே இரண்டு படுக்கைப்புண். ஒன்றில் எலும்பு தெரிந்தது. பன்னிரண்டு வருசம் ஒரு கீறல் இல்லாமல் யோகேஸ்வரி காப்பாற்றி வைத்திருந்த உடம்பு அது. நான் போய் நின்றதும் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சேர், கேக்கேல்லையோ? பத்துக்கு எத்தினை எண்டு கேளுங்கோவன்" என்றார். பதிலையும் அவரே சொன்னார். "எனக்குப் பூச்சியம், சேர். எழுதிக்கொள்ளுங்கோ."

பிறகு குரலைத் தாழ்த்தினார். யோகேஸ்வரி தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தார். "என்னைப் பிரட்ட வாற நேரமெல்லாம் நித்திரை மாதிரிக் கிடந்திடுவன். நித்திரையில கிடக்கிற என்னை எழுப்ப மாட்டா, பாவம். நல்லாக் குறட்டையும் விட்டனான். அவ எனக்கு ரெண்டெண்டு சொல்லித்தானே ஏமாத்தினவ. நான் குறட்டை விட்டு ஏமாத்தினனான்." சிரிக்கப் பார்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நஞ்சு இரத்தத்தில் ஏறி, ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

பாக்கியம் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வயது எண்பதைத் தாண்டினாலும் குரலில் ஒரு குறைவும் இல்லை. "அந்தாளைச் சீலுக்கு அனுப்பேல்லையோ?" என்று கேட்டார்.

"வீல்செயரில இருக்கிறவர், மிஸ். பாவமெண்டு..."

"பாவம் பாத்தீரோ? கால் ஏலாட்டி அவன் ஆளில்லையோ? எல்லாற்ர புருசன்மாரும் போய்வாற இடத்துக்கு அவனும் தன்ர மனுசிக்காக ஒருக்காப் போய்வந்திருப்பான். அரை மணித்தியாலம் எடுத்தா எடுத்திட்டுப் போகட்டும்! உமக்கு நான் என்னத்தைப் பழக்கினனான்?" என்றவர், என் பதிலுக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நானும் எடுக்கவில்லை.

பென்சன் எடுத்த பிறகு ஒருநாள் உடையார்கட்டுக்குப் போனேன். பயிற்சி சொல்லிக் கொடுக்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏச்சு வாங்கத்தான் போனேன். யோகேஸ்வரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். சிவபாலனின் பொத்தான் வைத்த நீலச் சேர்ட்டைப் போட்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "சட்டை தலையால போடேலாது, சேர். கை எழும்பாது. இதெண்டா முன்னால தெறி" என்றார். கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். சக்கர நாற்காலி மூலையில் சீலை போட்டு மூடியபடி நின்றது.

மன்னிப்புக் கேட்பதற்கு என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனவன் நான். தேத்தண்ணியைத்தான் குடித்து முடித்தேன். அவரே தொடங்கினார்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. ஏன் சேர் அவரை ஒருக்காலும் சீலுக்கு அனுப்பேல்லை?"

"அது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? வெளி வாங்கில காத்துக்கொண்டிருக்கிற பொம்பிளையள் எல்லாருக்கும் தெரியும். சீலுக்கு அனுப்பினாப் பிறகு சேரிட்டை எல்லாத்தையும் சொல்லலாம் எண்டு அவையள் கதைக்கிறவை. நானும் எல்லாத்தையும் அடுக்கி வைச்சுக்கொண்டுதான் வந்தனான். எனக்கு நோகிறது அவருக்குத் தெரியாமத் தூக்கிறதுக்கு வேற என்ன வழி எண்டு கேக்க வேணும், பக்கத்து வீட்டு அண்ணையை வைச்சுப் பழக்கலாமோ எண்டு கேக்க வேணும். ஒவ்வொரு வியாழனும் அந்தக் காட்டைப் பாத்துக்கொண்டிருப்பன். இண்டைக்கு அவற்ர கையில குடுப்பியள், இண்டைக்குக் குடுப்பியள் எண்டு. நீங்கள் மேசையில வைச்சிடுவியள்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒவ்வொரு வியாழனும் நான் திகதி சொன்னது ஞாபகம் வந்தது.

நிரோஷா, உன் புத்தகத்தில் பயிற்சிகளைப் போடு. படமும் போடு. ஆனால் முதலாவது பயிற்சிக்கு முன்னால் இதைப் போடு: கூட வந்த ஆளை வெளியே அனுப்பு. காலில்லாதவனையும் அனுப்பு, கண் தெரியாதவனையும் அனுப்பு. சீல் இல்லையென்றால் வேறு ஏதாவது பொய்யைக் கண்டுபிடி. அந்த மண்டபத்தில் திரை போடும்வரை நான் அங்கே கால் வைக்க மாட்டேன் என்று திறக்க வருகிற பெரியவர்களிடமும் சொல்லு.

அன்று யோகேஸ்வரி வீட்டிலிருந்து எழும்பி வரும்போது, முப்பத்தொரு வருசப் பழக்கம், வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது. "இப்ப நோ எத்தினை, தங்கச்சி?"

"ரெண்டு, சேர்."

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் சந்தேகம் அவருக்கு விளங்கியது.

"மெய்யா, சேர். இப்ப ரெண்டுதான்" என்றார் யோகேஸ்வரி. "தூக்கிறதுக்கு ஆளில்லையெல்லோ."